0.68 வோல்ட் காட்டுகிறது, எல்.இ.டி. எரியவில்லை: கழிவுநீர் மின்கலம் பற்றி ஒரு நீண்ட இழை

ஜனவரி 6, கேள்வி

நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம் ஒன்று செய்தேன், அதாவது பாக்டீரியா கழிவை உண்ணும்போது விடும் எலக்ட்ரானை மின்னோட்டமாக எடுக்கும் கலம். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா இரண்டு. ஒன்றில் கழிவுநீரும் சேறும், காற்றுப் புகாமல் மூடியது. மற்றதில் உப்புத் தண்ணீர், மீன் தொட்டிப் பம்ப் வைத்துக் காற்று ஊதுகிறது. நடுவில் அகார் உப்புப் பாலம் (உப்புக் கலந்த அகார் கூழ் நிரப்பிய குழாய்). இரண்டு பக்கமும் கார்பன் தண்டு, தாமிரக் கம்பி. மல்டிமீட்டரில் 0.68 வோல்ட். எல்.இ.டி. மாட்டினால் மினுக்குகூட இல்லை. இதுபோல் ஆறு செய்து தொடராக இணைத்தால் 4 வோல்ட் வருமே, எரியுமா?

ஜனவரி 6, இரவு

எரியாது. ஆறு இல்லை, அறுபது செய்தாலும் இந்த அமைப்பில் எரியாது.

மல்டிமீட்டரின் உள் தடை பொதுவாக 10 மெகா ஓம். அதை மாட்டும்போது மின்கலத்திலிருந்து மின்னோட்டம் கிட்டத்தட்ட எடுக்கப்படுவதே இல்லை. ஆகவே நீங்கள் பார்த்த 0.68 சுமையில்லா மின்னழுத்தம். கலத்தால் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதை அது சொல்லாது.

அகார் உப்புப் பாலம் வைத்த இரட்டை அறைக் கலங்களின் உள் தடை 20,000 ஓம் அளவுக்குப் போகும். கணக்கைப் பாருங்கள். குறுக்கே நேராகக் கம்பி வைத்தாலும் 0.68 ÷ 20,000 = 34 மைக்ரோ ஆம்பியர். உச்சத் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை உள் தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது: சுமார் 5.8 மைக்ரோவாட். சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட், 5 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 10 மில்லிவாட் வேண்டும். 1,700 மடங்கு குறைவு.

தொடராக ஆறு இணைத்தால் மின்னழுத்தம் ஆறு மடங்காகும், உள் தடையும் ஆறு மடங்காகி 1,20,000 ஓம் ஆகும். மின்னோட்டம் அதே 34 மைக்ரோ ஆம்பியரிலேயே நிற்கும்.

இனிமேல் எதை அளந்தாலும் 1,000 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து, அதன் இரு முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து எழுதுங்கள். மில்லிவோல்ட் எண்ணே மைக்ரோ ஆம்பியர் எண்ணாகவும் இருக்கும், வகுக்கவே வேண்டாம்.

ஜனவரி 7

நேற்று விட்டுப்போனது: தாமிரக் கம்பி. அது நீரைத் தொடுகிறதா? தொட்டால் உங்கள் 0.68-இல் ஒரு பகுதி பாக்டீரியாவினுடையதே அல்ல. கழிவுநீரில் சல்ஃபைடு இருக்கும். தாமிரம் அதோடு சேர்ந்து கறுத்து அரிக்கும்போது தானே எலக்ட்ரான் விடும், அதாவது சாதாரண உலோக பேட்டரியாகிவிடும். கரைந்த தாமிரம் நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் கொல்லும். இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் போட்டுச் "சேற்றிலிருந்து மின்சாரம்" காட்டும் காணொளிகள் முக்கால்வாசி இந்த வகைதான். அங்கே எரிவது உலோகம்.

நீருக்குள் டைட்டானியம் கம்பி, இல்லையென்றால் 316 வகை துருப்பிடிக்காத எஃகு. தாமிரம் மூடிக்கு வெளியே மட்டும்.

பாக்டீரியாவின் மின்னோட்டமா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை: உணவு தீரும்வரை விடுங்கள். மின்னோட்டம் விழ வேண்டும். சோடியம் அசிடேட் சேருங்கள். சில மணி நேரத்தில் ஏற வேண்டும். உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவில் ஓடினால் உலோகம் கரைந்துகொண்டிருக்கிறது.

ஜனவரி 9

"அப்படியானால் எப்படிக் கட்டுவது" என்று மூவர் கேட்டிருக்கிறீர்கள். ஒற்றை அறை, காற்றுக் கேத்தோடு (ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் வெளிக்காற்றும் தொடும் முனை, அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்). உப்புப் பாலம், காற்றுப் பம்ப் இரண்டும் போய்விடும். அந்தப் பம்ப் வாட் கணக்கில் தின்றுகொண்டு, கலம் மைக்ரோவாட் கொடுப்பது கணக்கிலேயே சேராது.

ஆனோடு (பாக்டீரியா எலக்ட்ரானைக் கொடுக்கும் முனை): கார்பன் ஃபெல்ட், அதாவது கார்பன் இழைக் கம்பளம், அல்லது கார்பன் இழைப் பிரஷ். புது ஃபெல்ட் தண்ணீரை ஏற்காது, இழைகளுக்குள் காற்றுக்குமிழ் சிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு இரவு ஊறவைத்து, நன்றாகக் கழுவி, காயவிடாமல் அப்படியே நீரில் மாட்டுங்கள். உலை இருந்தால் காற்றில் 450 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சுட்டது இன்னும் சிறப்பு. பாக்டீரியா பிடித்துக்கொள்ளும் பரப்பு கூடும்.

கேத்தோடு: துருப்பிடிக்காத எஃகு வலைமேல் செயலூட்டிய கரித்தூளும் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) பசையும், எடையில் 6-க்கு 1. எத்தனால் விட்டுப் பிசைந்தால் மாவுபோல் திரளும். அதை அரை மில்லிமீட்டர் தடிப்புக்கு உருட்டி வலையில் அழுத்திக் காயவிடுங்கள். காற்றுப் பக்கத்துக்குத் தனி அடுக்கு: கார்பன் பிளாக் 3, பி.டி.எஃப்.இ. 7, 340 பாகையில் ஏறக்குறைய 25 நிமிடம். இதைப் புகைபோக்கி உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள். பி.டி.எஃப்.இ. அளவு மீறிச் சூடானால் வரும் புகை நுரையீரலுக்கு நஞ்சு, சமையலறை அடுப்பு இதற்கான இடமே அல்ல. வசதி இல்லாதவர்கள் ஆயத்தமாக விற்கும் வாயுப் பரவல் கேத்தோடை வாங்கிவிடுங்கள்.

பிளாட்டினம் தேவையில்லை. கழிவுநீரில் அது சல்ஃபைடால் நஞ்சேறிச் சீக்கிரம் செயலிழக்கும்.

இரண்டு முனைகளுக்கும் இடைவெளி 1 செ.மீ. அளவில் வையுங்கள். நடுவே மெல்லிய நெய்யாத துணி. ஒட்டிக்கொண்டால் குறுக்குச் சுற்று. துணியே இல்லாவிட்டால் கேத்தோடு வழியாக நுழையும் ஆக்சிஜன் ஆனோடை நேராகத் தாக்கும்.

உணவு: தொடக்கத்துக்கு லிட்டருக்கு 1 கிராம் சோடியம் அசிடேட்.

ஜனவரி 10, திருத்தம்

நேற்று சொன்ன 1 கிராம், நீரற்ற சோடியம் அசிடேட்டுக்கு. கடையில் அதிகம் கிடைப்பது மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். மூலக்கூறு எடை 82-க்குப் பதில் 136. ஆகவே 1.66 கிராம் போட வேண்டும். புட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் பிறகு போடும் கூலோம் கணக்கு (உணவின் எலக்ட்ரானில் எவ்வளவு கம்பிக்கு வந்தது என்பது) முழுவதும் 40 விழுக்காடு தப்பும்.

ஜனவரி 14

விதைப்புக்கு, அதாவது பாக்டீரியாவுக்காகக் கலத்தில் முதலில் ஊற்ற, எது நல்லது என்ற கேள்விக்கு: சுத்திகரிப்பு நிலையத்தின் முதல்நிலைத் தெளிவுத் தொட்டியிலிருந்து வெளிவரும் நீர். காற்றில்லாச் செரிப்பானின் சேறும் ஆகும், ஆனால் அதில் மீத்தேன் உண்டாக்கும் உயிரிகள் கூட்டமாக வரும். அவை உங்கள் அசிடேட்டை மின்னோட்டமாக்காமல் வாயுவாக்கிவிடும். காற்றூட்டத் தொட்டிச் சேறும் வேலை செய்யும், தொடங்க நாள் பிடிக்கும்.

மின்னோட்டம் தரும் ஜியோபாக்டர் பாக்டீரியாவின் தூய வளர்ப்பு எங்கே கிடைக்கும் என்று தேடாதீர்கள். விதைப்பிலேயே சில இருக்கும், ஆனோடு அவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஷெவனெல்லா, ஜியோபாக்டர் இரண்டும் 1980-களின் கடைசியில் ஏரி, ஆற்றுச் சேறுகளிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டன. இரும்பு ஆக்சைடுக்கோ மாங்கனீசு ஆக்சைடுக்கோ எலக்ட்ரானைத் தள்ளிவிட்டு மூச்சுவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. நாம் ஆக்சைடுக்குப் பதில் கார்பனை நீட்டுகிறோம், அவ்வளவுதான்.

பாதி விதைப்பு, பாதி அசிடேட் கரைசல். 1,000 ஓம் குறுக்கே. 25 முதல் 30 பாகை. 15-க்குக் கீழே எல்லாம் மந்தம். முதல் வாரம் 20, 30 மில்லிவோல்ட்டில் கிடக்கும். கலைக்காதீர்கள், மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒருநாள் ஏறத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் பல மடங்காகும். மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே விழும்போது பாதி நீரை மாற்றி உணவிடுங்கள். அடுத்தடுத்த மூன்று சுற்றில் ஒரே உச்சம் வந்தால்தான் ஆனோடின்மேல் பாக்டீரியாப் படலம் நிலைபெற்றது என்று பொருள்.

கையுறை போடுங்கள். மூடிய புட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் சேரும், வெளியேற ஒரு மெல்லிய குழாயை நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

ஜனவரி 15

மூன்று வாரமாகியும் எழவே இல்லை என்றால் முதல் சந்தேகம் ஆக்சிஜன் கசிவு. இரண்டாவது, கம்பிக்கும் ஃபெல்ட்டுக்கும் உள்ள தொடர்பு. கம்பி முனைக்கும் ஃபெல்ட்டின் கடைக்கோடிக்கும் தடை அளந்து பாருங்கள். சில ஓம் இருந்தால் சரி. நூற்றுக்கணக்கில் இருந்தால் கம்பியை ஃபெல்ட்டுக்குள் நாலைந்து இடத்தில் தைத்துக் கோக்க வேண்டும்.

ஜனவரி 22

1,000 ஓமில் 410 மில்லிவோல்ட் வந்துவிட்டது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அதாவது 0.41 மில்லிஆம்பியர், 0.168 மில்லிவாட். முதல் கலத்தின் உச்சத்தைவிட ஏறக்குறைய 29 மடங்கு. இடைவெளியும் பிரிப்பானும் மாறியதன் பலன் இது. பாக்டீரியா அதே பாக்டீரியாதான்.

இப்போது துருவமாக்கல் வளைவு எடுக்கலாம், அதாவது சுமையை மாற்ற மாற்ற மின்னழுத்தமும் திறனும் எப்படி மாறுகின்றன என்று காட்டும் வரைபடம். சுமையைக் கழற்றி, மின்னழுத்தம் நிலைப்படும்வரை காத்திருங்கள். பிறகு 10,000, 5,000, 2,000, 1,000, 500, 200, 100, 50 ஓம் என்று வரிசையாகக் குறைத்துக்கொண்டே ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் விட்டு அளந்து, திறனைக் கணக்கிட்டு வரையுங்கள். திறன் உச்சமாகும் ரெசிஸ்டர் மதிப்புதான் ஏறக்குறைய உங்கள் உள் தடை.

ஜனவரி 23, திருத்தம்

ஐந்து நிமிடம் போதாது. ஒவ்வொரு தடையிலும் 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டால் கலத்தின் மின்தேக்கத் தன்மையையும் சேர்த்து அளப்பீர்கள், உண்மையைவிடப் பெரிய திறன் வரும். ஃபெல்ட்டின் பரப்பு பெரியது, அதில் தேங்கிய மின்னூட்டம் வடிய நேரமாகும்.

இன்னொன்று. தடையைக் குறைக்கும்போது மின்னோட்டமும் மின்னழுத்தமும் சேர்ந்தே விழுந்து, வளைவு பின்னோக்கி மடங்கினால் பயப்பட வேண்டாம். படலம் இன்னும் முதிரவில்லை, அல்லது இவ்வளவு மின்னோட்டத்துக்குப் பழகவில்லை. சில நாள் குறைந்த தடையில் ஓட்டிவிட்டு மறுபடி எடுங்கள். 14-ஆம் தேதிக் குறிப்பில் 1,000 ஓம் என்று சொன்னது தொடக்கத்துக்கு மட்டும். படலம் முதிர முதிர உள் தடைக்கு அருகே இறக்கிக்கொண்டே வர வேண்டும். கடைசிவரை 1,000-லேயே விட்டால் எலக்ட்ரானுக்கு வழி குறுகலாகி, மீத்தேன் உயிரிகளுக்கு மிச்சம் போகும்.

எந்த முனை தடுக்கிறது என்று அறிய சில்வர்-சில்வர் குளோரைடு ஒப்பீட்டு முனை ஒன்று வாங்குவது மிகவும் பயன் தரும். அசிடேட் உண்ணும் நல்ல ஆனோடு சுமையில் அதற்கு எதிராக −0.45 வோல்ட் பக்கம் நிற்கும். அங்கேயே நின்றும் மொத்த மின்னழுத்தம் குறைந்தால் குற்றவாளி கேத்தோடு. பெரும்பாலும் கேத்தோடுதான். ஆக்சிஜன் வினைக்குப் பி.எச். 7-இல் கோட்பாட்டு மதிப்பு ஹைட்ரஜன் ஒப்பீட்டு முனையின் அளவில் +0.8 வோல்ட், கையில் கிடைப்பது +0.3 சுற்றி. இழப்பின் பெரும்பங்கு அங்கேதான்.

பிப்ரவரி 2

"இப்போதாவது ஆறைத் தொடராக இணைக்கலாமா?"

இணைத்தால் ஒன்று தலைகீழாகும். ஆறும் ஒரே மாதிரி இருக்காது. எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் ஓடியாக வேண்டும் என்பதால், உணவு குறைந்த கலத்தை மற்ற ஐந்தும் தள்ளும். அதன் மின்னழுத்தம் சுழிக்குக் கீழே போகும், ஆனோடின் அழுத்தநிலை மேலே ஏறிப் படலம் சேதமாகும். காலையில் 2.4 வோல்ட், மாலையில் 1.1 என்றால் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளந்து பாருங்கள், ஒன்று எதிர்க்குறி காட்டும்.

ஒரே கழிவுநீர் குழாய் வழியாக ஆறுக்கும் ஓடினால் இன்னொரு தொல்லை. நீரே கடத்தி. தொடரிணைப்பின் அழுத்தம் அந்த நீர்வழியே உள்ளுக்குள் கசியும். துளித்துளியாக விழும்படி நீர்வழியைத் துண்டிக்காமல் தொடரிணைப்பு செய்யாதீர்கள்.

வழி: எல்லாவற்றையும் இணையாக இணைத்து, மின்னழுத்தத்தை மின்சுற்றால் உயர்த்துவது. எல்.டி.சி.3108 சிப் 20 மில்லிவோல்ட்டிலேயே தொடங்கும் என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். உண்மைதான், ஆனால் 1-க்கு 100 மின்மாற்றியோடு அதன் உள்ளீட்டுத் தடை சில ஓம்தான். 200 ஓம் உள் தடையுள்ள கலத்தோடு மாட்டினால் அது கலத்தைத் தரைக்கு இழுத்துவிடும். அந்தச் சிப் வெப்ப மின்கலங்களுக்காக வந்தது. உச்சத் திறன் புள்ளியைப் பின்தொடரும் வகை உயர்த்தி, அல்லது மின்தேக்கிகளை இணையாக நிரப்பித் தொடராக மாற்றிக் காலி செய்யும் சுற்று, இவையே பொருந்தும்.

பிப்ரவரி 3

"1931-இலேயே 35 வோல்ட் எடுத்தார்களே" என்ற மறுப்பு நியாயமானது. பார்னெட் கோஹன் செய்தது அது, வரிசையாக இணைத்த பாக்டீரியா அரைக்கலங்கள். மின்னோட்டம் 2 மில்லிஆம்பியர். அதற்கும் முன்னால் 1911-இல் எம். சி. பாட்டர் ஈஸ்ட்டையும் ஈ.கோலையையும் வைத்து மின்னழுத்தம் காட்டியிருந்தார். அந்தக் காலத்துக் கலங்களில் எலக்ட்ரானை முனைக்குக் கொண்டுசேர்க்கக் கரைந்த இடைத்தூதுப் பொருள் வேண்டியிருந்தது. பொட்டாசியம் ஃபெரிசயனைடு அதில் ஒன்று. 1990-களின் கடைசியில் தென்கொரியாவில் பியுங் ஹாங் கிம் குழுவினர் இடைத்தூது இல்லாமலே ஷெவனெல்லா மின்னோட்டம் தரும் என்று காட்டிய பிறகுதான் கழிவுநீர் பேச்சுக்கு வந்தது. 2004-இல் புரூஸ் லோகன் குழு வீட்டுக் கழிவுநீரில் சதுர மீட்டருக்கு 26 மில்லிவாட்டும், 80 விழுக்காடு வரை சி.ஓ.டி. (கழிவை முழுவதும் ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன், கழிவின் அளவுகோல்) நீக்கமும் பதிவு செய்தது.

கேத்தோடுப் பக்கம் ஃபெரிசயனைடு ஊற்றிய கலங்களின் எண்களை நம்முடையதோடு ஒப்பிட வேண்டாம். அது தீர்ந்துபோகும் வேதிப்பொருள், தீர்ந்தால் வாங்கி ஊற்ற வேண்டும். வலுவான அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் சயனைடு வாயு விடும்.

பிப்ரவரி 11

அசிடேட்டிலிருந்து உண்மைக் கழிவுநீருக்கு மாறியதும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்கிறார் கேள்வி கேட்டவர். எதிர்பார்த்ததுதான். காரணம் மூன்று.

முதலாவது கடத்துதிறன். ஆய்வகத்தில் ஊற்றும் 50 மில்லிமோலார் பாஸ்பேட் தாங்கல் கரைசல் (பி.எச். மாறாமல் தாங்குவது) சென்டிமீட்டருக்கு 7 மில்லிசீமென்ஸ் அளவு. வீட்டுக் கழிவுநீர் 1 சுற்றி. முனைகளுக்கிடையே 4 செ.மீ. தூரம், 7 சதுர செ.மீ. குறுக்குவெட்டு என்று ஒரு சிறு கலம் எடுங்கள். தடை = 4 ÷ (0.001 × 7) = 571 ஓம். தூரத்தை 1 செ.மீ. ஆக்கினால் 143. இடைவெளி பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

உப்புச் சேர்க்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். ஆய்வகத்தில் பலன் தெரியும். சுத்திகரிப்பில் கூடாது. உப்பேறிய நீரை எங்கே விடுவீர்கள்? நிலத்தைக் கெடுத்து மின்சாரம் எடுப்பதற்கு நாம் இதைச் செய்யவில்லை.

இரண்டாவது, கழிவுநீரின் உணவில் பெரும்பகுதி துகளாகவும் கொழுப்பாகவும் இருக்கும். அதை முதலில் வேறு பாக்டீரியா உடைத்து அசிடேட் ஆக்கினால்தான் ஜியோபாக்டர் தொடும். முன்னால் ஒரு படிவுத் தொட்டி வைப்பது உதவும்.

மூன்றாவது தாங்கல் இல்லாமை. ஒரு அசிடேட் மூலக்கூறு எட்டு எலக்ட்ரானோடு ஒன்பது புரோட்டானையும் விடும். அவை படலத்துக்குள் தேங்கினால் பி.எச். 6-க்குக் கீழே போய்ப் பாக்டீரியா சோர்ந்துவிடும். அதே நேரம் கேத்தோடுப் பக்கம் காரம் ஏறும். நீர் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் குறையும்.

சி.ஓ.டி. லிட்டருக்கு 100 முதல் 200 மி.கி. அளவுக்கு இறங்கியதும் மின்னோட்டம் சரிந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் மின்சாரம் இல்லை. கடைசிச் சுத்தம் வேறொரு முறையில்தான்.

பிப்ரவரி 12

"ஒரு நகரத்தின் கழிவுநீரே அந்த நகரத்துக்கு விளக்கேற்றும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆசை புரிகிறது. கணக்கு வேறு சொல்கிறது.

ஒரு கிலோ சி.ஓ.டி. என்பது 125 மோல் எலக்ட்ரான், 3,350 ஆம்பியர்-மணி. கழிவுநீர் ஒரு கன மீட்டரில் அரைக் கிலோ. அதில் 80 விழுக்காடு நீங்கி, அதில் 25 விழுக்காடு எலக்ட்ரான் கம்பிக்கு வந்து, 0.3 வோல்ட்டில் எடுத்தால் 335 ஆம்பியர்-மணி, 100 வாட்-மணி. அதாவது 0.1 யூனிட். வழக்கமான காற்றூட்ட முறை அதே ஒரு கன மீட்டருக்கு 0.3 முதல் 0.6 யூனிட் செலவழிக்கிறது.

இந்தக் கணக்கைப் பார்த்துச் சோர வேண்டாம். கிடைப்பது 0.1 யூனிட். ஆனால் ஊதுபம்புக்குப் போயிருக்கக்கூடிய மின்சாரத்தின் பெரும்பகுதி மிச்சமாகிறது, காற்றில்லாமல் வளரும் பாக்டீரியா குறைவாகப் பெருகுவதால் அகற்ற வேண்டிய சேறும் குறைகிறது. சேற்றை நீர் நீக்கி, ஏற்றிச் சென்று கொட்டுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பெருஞ்செலவு. இந்தத் தொழில்நுட்பத்தை நான் மதிப்பது அதற்காகத்தான். மின்விற்பனை என்று பேசினால் கேட்பவர் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்.

பிப்ரவரி 13

நேற்றைய 25 விழுக்காட்டை "எப்படி அளப்பது" என்று கேட்டதற்கு: ஒரு கிராம் நீரற்ற சோடியம் அசிடேட்டில் 2.6 ஆம்பியர்-மணி இருக்கிறது. உங்கள் ஒரு லிட்டர் கலம் சராசரி 0.4 மில்லிஆம்பியரில் 5 நாள் ஓடி உணவு தீர்ந்தால் 48 மில்லிஆம்பியர்-மணி. 48 ÷ 2,600, இரண்டு விழுக்காடுகூட இல்லை. மீதி 98 பெரும்பாலும் ஆக்சிஜனுக்கும் மீத்தேனுக்கும் போயிற்று. இந்த எண்ணை உயர்த்துவதுதான் உண்மையான வேலை: கேத்தோடுப் பரப்பை லிட்டருக்கு 100 சதுர செ.மீ. ஆவது ஆக்குங்கள், சுமைத் தடையை இறக்குங்கள், கசிவை அடையுங்கள்.

பிப்ரவரி 20

சிறிய அளவில் எதற்குப் பயன்? ஒரு மில்லிவாட் கலத்திலிருந்து உயர்த்தி இழப்பு போக 0.2 மில்லிவாட் நிகரம் என்று வையுங்கள். 3.3 வோல்ட், 20 மில்லிஆம்பியரில் ஒரு விநாடி அலைபரப்பும் உணரிக்கு 66 மில்லிஜூல் வேண்டும். ஐந்தரை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பலாம். கழிவுநீர்த் தொட்டியின் வெப்பநிலை சொல்ல இது தாராளம். சூப்பர் மின்தேக்கி வாங்கும்போது கசிவு மின்னோட்டத்தைப் பாருங்கள், மலிவானவை வரும் மின்சாரத்தில் பாதியைத் தாமே விழுங்கும்.

அதைவிட நல்ல பயன், கலத்தையே உணரியாக்குவது. உணவு எவ்வளவோ அவ்வளவு மின்னோட்டம். பி.ஓ.டி. சோதனைக்கு (கழிவைத் தின்னப் பாக்டீரியா எடுக்கும் ஆக்சிஜனை அளப்பது) ஐந்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட உணரி ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடியதாகக் கொரியக் குழு பதிவு செய்திருக்கிறது. நச்சுப் பொருள் வந்தால் மின்னோட்டம் சட்டென விழும், அதுவே எச்சரிக்கை மணி.

மார்ச் 8

எதிர்பார்த்த செய்தி: "ஏழு வாரத்தில் மின்னோட்டம் பாதியாகிவிட்டது, ஆனோடு −0.46-இலேயே நிற்கிறது." அப்படியென்றால் கேத்தோடு. நீர்ப்பக்கம் வழவழப்பான படலம் இருக்கும், அதன் அடியில் வெள்ளைப் பொருக்கு. காரம் ஏறிய இடத்தில் கால்சியம் கார்பனேட் படிகிறது.

கலத்தைக் காலி செய்யும்போது ஆனோடு காயாமல், காற்றுப் படாமல் அதே கழிவுநீரில் மூடி வையுங்கள். கேத்தோடின் படலத்தை மென்மையான தூரிகையால் துடைத்து, நீர்த்த வினிகரில் குமிழ் நிற்கும்வரை வைத்து, நல்ல நீரில் கழுவி மாட்டுங்கள். சுரண்டாதீர்கள், கரி அடுக்கு பெயர்ந்துவிடும். காற்றுப் பக்கம் வியர்த்துச் சொட்டினால் பி.டி.எஃப்.இ. அடுக்கு போயிற்று, அதைக் கழுவிப் பயனில்லை, புதிது வேண்டும்.

மார்ச் 9

வினிகர் வீட்டுப் புட்டியில் வருவது 5 விழுக்காடு. அதை அப்படியே ஊற்றலாம், மேலும் நீர்க்க வேண்டாம். நேற்று "நீர்த்த" என்று எழுதியது குழப்பிவிட்டது. கழுவியதில் மிச்சம் ஒட்டியிருந்தால் முதல் நாள் மின்னோட்டம் வழக்கத்தைவிட உயரும். அது அசிட்டிக் அமிலத்தை பாக்டீரியா உண்பதால், கேத்தோடு சீரானதால் அல்ல. இரண்டு சுற்று உணவு மாற்றிய பிறகு வரும் எண்ணை மட்டும் இங்கே போடுங்கள்.

மார்ச் 17, கேள்வி கேட்டவர்

இரண்டாம் சுற்று முடிந்தது. 200 ஓமில் 262 மில்லிவோல்ட். கேத்தோடு 110 சதுர செ.மீ.

மார்ச் 17

1.31 மில்லிஆம்பியர், 0.34 மில்லிவாட், சதுர மீட்டருக்கு 31 மில்லிவாட். உண்மைக் கழிவுநீரில், பிளாட்டினம் இல்லாமல். அடுத்து 100 ஓமுக்கு இறக்கி மூன்று நாள் விடுங்கள்.